சார்த்தரின் ‘மீள முடியுமா?’ நாடகத்தைச் சிற்றரங்கில் மேடையேற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு எழுத்தாளர் ழான்-போல் சார்த்தரின் இந்த ஓரங்க நாடகம் 1944 மே மாதம் பாரிசின் வியூ-கொலொம்பியே அரங்கில் முதலில் மேடையேறியது. நகரம் அப்போது ஜெர்மானியப் பிடியில் இருந்தது. நான்கே பாத்திரங்கள், ஒரே அறை, காட்சி மாற்றம் கிடையாது. சிறு குழுக்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்கு இதுவே காரணம். எடுத்த பிறகு சிக்கிக்கொள்வதற்கும் இதுவே காரணம். கீழே உள்ள பதில்கள் 50 முதல் 80 பேர் வரை அமரக்கூடிய அரங்கையும், ஏறத்தாழ 5 மீட்டருக்கு 4 மீட்டர் ஆடுகளத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கதையை ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

இறந்துபோன மூவரை நரகத்தின் ஓர் அறைக்குள் ஒருவர்பின் ஒருவராக ஒரு பணியாள் அழைத்து வருகிறான். முதலில் கார்சன் வருகிறான். பத்திரிகைக்காரன், போர் வேண்டாம் என்று எழுதியவன், தப்பி ஓடும்போது பிடிபட்டுச் சுடப்பட்டவன். அடுத்தவள் தபால் அலுவலக எழுத்தர் இனெஸ். கடைசியில் வருபவள் பணக்கார வீட்டு எஸ்தெல். சித்திரவதைக்காரன் எப்போது வருவான் என்று காத்திருக்கிறார்கள். யாரும் வரப்போவதில்லை, ஒருவரையொருவர் வதைக்கத் தாங்களே போதும் என்பதை முதலில் கண்டுகொள்பவள் இனெஸ். எஸ்தெல்லுக்குக் கார்சனின் ஆசை வேண்டும். இனெஸுக்கு எஸ்தெல் வேண்டும். கார்சனுக்கோ தான் கோழையல்ல என்று இனெஸ் வாயால் கேட்டாக வேண்டும். நாடகம் முழுவதும் இந்த முக்கோணத்தின் சுழற்சிதான்.

பழைய நாடகம்தானே, அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். சார்த்தர் இறந்தது 1980 ஏப்ரலில். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும் நாடுகளில் 2040 முடியும்வரையிலும், 70 ஆண்டு நீடிக்கும் நாடுகளில் 2050 முடியும்வரையிலும் இது காப்புரிமைக்குள் இருக்கும். இலவசக் காட்சி, கல்லூரிக் காட்சி என்பதால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. மூல உரிமையாளரிடம் அனுமதி பெற்றுவிட்டு மொழிபெயர்ப்பாளரை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. விண்ணப்பத்தில் அரங்கின் இருக்கை எண்ணிக்கை, காட்சிகளின் எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம், மொழி, மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆகியவற்றைக் கேட்பார்கள். பதில் வரத் தாமதமாகலாம். முதல் காட்சிக்கு ஐந்தாறு மாதம் முன்பே எழுதிவிடுங்கள். வசனத்தை வெட்டுவதாகவோ, ஆண் பாத்திரத்தைப் பெண் பாத்திரமாக்குவதாகவோ இருந்தால் அதை முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். பிறகு தெரியவந்தால் காட்சியையே நிறுத்தச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தமிழில் எந்தப் பிரதியை எடுப்பது? பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா?

பிரெஞ்சிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த ‘மீள முடியுமா?’ இருக்கிறது. அதைப் படிக்காமல் வேறொன்றைத் தொடங்க வேண்டாம். புதிதாக மொழிபெயர்ப்பதானால் ஆங்கிலப் பிரதியை மட்டும் நம்பாதீர்கள். மூலத்தில் மூவரும் மரியாதையாகப் பேசத் தொடங்கி, முகமூடி கழலக் கழல ஒருமைக்கு இறங்குகிறார்கள். ஆங்கிலத்தில் இது காணாமல் போய்விடும். தமிழில் ‘நீங்கள்’, ‘நீ’ என்ற வசதி இருக்கும்போது அதை வீணாக்குவது பாவம். யார், யாரை, எந்த வரியில் முதன்முதலாக ‘நீ’ என்கிறார்கள் என்று பிரதியில் வட்டமிட்டு வையுங்கள். அந்த வரியில் மற்ற இருவரும் எதிர்வினை காட்டியே ஆகவேண்டும்.

நடைக்கு இலேசான பேச்சுத்தமிழ் பொருந்தும். வட்டார வழக்கு வேண்டாம். அது பாத்திரங்களை ஒரு ஊரில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். முழு எழுத்துத்தமிழில் பேசினால் மேடை பத்து நிமிடத்தில் சொற்பொழிவாகிவிடும்.

மோடிமைப்படுத்துவது என்றால் இங்கே என்ன செய்வது?

அசைவு, நிறுத்தம், உடை, ஒளி ஆகியவற்றைச் சில வெளிப்படையான விதிகளுக்குள் கட்டுப்படுத்துவதையே மோடிமை என்கிறோம். இந்த நாடகத்தில் பெரும்பாலோர் செய்யும் பிழை, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மோடிமைப்படுத்துவது. வெள்ளை முகப்பூச்சு, இயந்திர நடை, இழுத்துப் பேசும் குரல், சாய்ந்த சுவர், பின்னணி இசை எல்லாம் சேர்ந்தால் பார்வையாளர் முதல் ஐந்து நிமிடம் வியப்பார், பத்தாவது நிமிடம் பழகிவிடுவார், பிறகு சலித்துப்போவார். சார்த்தரின் வசனம் உண்மையில் நடுத்தர வர்க்க வரவேற்பறை வசனம். அது இயல்பாகப் பேசப்படும்போதுதான் அறையின் விபரீதம் தெரியும்.

அதனால் ஒன்றை மட்டும் மோடிமைப்படுத்துங்கள். எங்கள் பரிந்துரை பார்வை, அதாவது கண் எங்கே போகிறது என்பது. நாடகத்தின் எந்திரமே அதுதான்: கண்ணாடி இல்லாத அறையில் ஒவ்வொருவரும் தன்னை அடுத்தவர் கண்ணில் தேடுகிறார்கள். பார்வைக்கு விதி வகுத்துவிட்டால் உடலும் இடமும் தாமாகவே ஒழுங்குக்கு வரும். தொடங்குவதற்கு மூன்று விதிகள் போதும்.

தலையைத் திருப்பாமல் பார்வையை மாற்றக் கூடாது. ஓரக்கண் பார்வை கிடையாது. பார்வை மாறுவது ஒரு வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான், நடுவில் மாறாது. நடப்பது நேர்கோட்டில் மட்டும், அதுவும் யாரையாவது நோக்கியோ யாரையாவது விட்டு விலகியோ மட்டும்.

இந்த விதிகளையும் முதல் நிமிடத்திலிருந்தே முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. கார்சனும் பணியாளும் மட்டும் இருக்கும் தொடக்கப் பகுதியில் கார்சன் சாதாரண மனிதனைப் போல அறையை அங்கும் இங்கும் பார்க்கட்டும். மூவரும் கூடிய பிறகு விதிகள் ஒவ்வொன்றாக இறுகட்டும். எங்கே இறுகுகிறது என்று நடிகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்வையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பார்வையை எப்படிக் குறித்து வைப்பது?

பிரதியின் வலப்பக்கம் 6 சென்டிமீட்டர் ஓரம் விட்டு அச்சிடுங்கள். மூன்று நிறப் பேனாக்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் யார் யாரைப் பார்க்கிறார் என்று அம்புக்குறி. முதல் சுற்றில் பேசுகிறவரும் கேட்கிறவரும் பார்த்துக்கொள்வதை மட்டும் எளிதில் குறித்துவிடுவீர்கள். கஷ்டம் மூன்றாமவரிடம் இருக்கிறது. அவர் பார்க்கிறாரா, வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறாரா, பார்க்கப்படுவதை உணர்கிறாரா? இந்த மூன்றில் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். மூன்றாமவர் சும்மா நின்றுகொண்டு தன் வசனத்துக்குக் காத்திருக்கும் நொடிகளில்தான் இந்த நாடகம் சாகிறது. ஒத்திகையை ஒருமுறை ஒலியில்லாமல் படமெடுத்துப் பாருங்கள், அந்த நொடிகள் பளிச்சென்று தெரியும்.

பார்வையாளர்களை எப்படி உட்கார வைப்பது?

இரு பக்கமும் எதிரெதிரே வைப்பது இந்த நாடகத்துக்கு நன்றாக அமையும். எதிர்வரிசை முகங்கள் நடிகர்களுக்குப் பின்னால் தெரியும். ‘மற்றவர்கள்’ யார் என்பதை வசனத்துக்கு முன்பே அமைப்பு சொல்லிவிடும். முதல் வரிசைக்கும் ஆடுகள எல்லைக்கும் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி விடுங்கள். எஸ்தெல் ஓடும் இடங்களில் அதற்குக் குறைந்தால் யாராவது காலைப் பின்னிழுப்பார், கவனம் சிதறும்.

மூன்று பக்க அமைப்பும் நல்லதே. முழு வட்டம் வேண்டாம். கதவு எங்கே வைத்தாலும் கால்வாசிப் பேருக்கு மறைக்கும். ஒரே பக்க அமைப்பானால் நடிகர்கள் அறியாமலே முன்னோக்கித் திரும்பிப் பேசத் தொடங்குவார்கள், பார்வை விதி முதல் வாரத்திலேயே உடையும்.

மூன்று சோபாக்கள் அவசியமா? பெட்டிகள் போதாதா?

மூன்று இருக்கைகள் அவசியம். மூலம் பிரான்சின் இரண்டாம் பேரரசுக் கால (19ஆம் நூற்றாண்டு) வரவேற்பறையைக் கேட்கிறது. சிற்றரங்கில் அந்த அலங்காரம் இடத்தைத் தின்றுவிடும். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் செய்த திண்டுகள் போதும்: நீளம் 130, அகலம் 60, உயரம் 45 சென்டிமீட்டர். உள்ளே குறுக்குச் சட்டம் ஒன்று கட்டாயம், இல்லையென்றால் இருவர் உட்கார்ந்ததும் கிறீச்சிடும். அடியில் 5 மில்லிமீட்டர் ரப்பர் ஒட்டுங்கள். சக்கரம் பொருத்தவே வேண்டாம்.

நிறம் பற்றி ஓர் எச்சரிக்கை. எஸ்தெல் வெளிர் நீல உடையில் வருகிறாள். தனக்கு விழுந்த சோபா பசலைக்கீரைப் பச்சை என்று முகம் சுளிக்கிறாள், இனெஸ் தரும் கருஞ்சிவப்பும் சரிப்படாது என்கிறாள், கார்சனுடையதுதான் ஓரளவு பொருந்தும் என்கிறாள். எல்லாவற்றையும் வெள்ளையாக்கும் ஆசை உள்ள இயக்குநர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். திண்டுகளை ஒரே நிறத்தில் விட்டு, மேலே போர்த்தும் துணியில் மட்டும் மூன்று நிறங்களைத் தாருங்கள். எஸ்தெல்லின் உடையையும் துணிகளையும் மேடை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபின் வாங்குங்கள். மஞ்சள் கலந்த ஒளியில் வெளிர் நீலம் சாம்பலாகிவிடும்.

திண்டுகளுக்கிடையே 1.8 முதல் 2.2 மீட்டர் இருக்கட்டும். கை நீட்டினால் எட்டாது, இரண்டு அடி வைத்தால் எட்டிவிடும். சமபக்க முக்கோணமாக வைக்காதீர்கள். கார்சனுடையதைச் சற்றுத் தள்ளி வைத்தால் இரு பெண்களுக்கிடையே அவன் இல்லாத ஓர் இடம் உருவாகும். நடுப்பகுதிக்கு அது தேவை. தரையில் ஒவ்வொரு மூலைக்கும் டேப் அடையாளம் ஒட்டுங்கள். 10 சென்டிமீட்டர் நகர்ந்தாலே பார்வைக் கோடுகள் குலைந்துவிடும்.

கண்ணாடிக் காட்சி ஏன் பெரும்பாலும் சொதப்புகிறது?

எஸ்தெல் உதட்டுச்சாயம் பூசக் கண்ணாடி தேடுகிறாள். இனெஸ் தானே கண்ணாடியாக இருக்கிறேன் என்கிறாள், பிறகு கன்னத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறது என்று பொய் சொல்லிப் பயமுறுத்துகிறாள். இருவரும் பக்கவாட்டில் அமர்ந்து முகத்தை முகம் பார்ப்பதால் பாதி அரங்குக்கு எதுவும் தெரிவதில்லை. ஒருத்தியைத் திண்டிலும் மற்றவளைத் தரையிலுமாக வையுங்கள். உயர வேறுபாடு 40 சென்டிமீட்டர் கிடைத்தால் இரு பக்கத்தாருக்கும் ஒரு முகமாவது தெரியும். உண்மையான உதட்டுச்சாயத்தைப் பயன்படுத்துவது நல்லது, ஆனால் உள்ளங்கைக்கும் உடைக்கும் தொற்றாத வகையாகப் பாருங்கள். கார்சன் இந்த நேரம் முழுக்கப் பார்க்காமல் இருக்க வேண்டும். அவன் திரும்பினால் காட்சி முடிந்தது.

கதவு உண்மையாகவே வேண்டுமா?

வேண்டும். இதில் சமரசம் செய்யாதீர்கள். சுவரே இல்லாமல் தரையில் கோடு போட்டு ‘கதவு’ என்று நடிக்கும் தயாரிப்புகள் உண்டு. அவை கடைசிப் பகுதியில் விலை கொடுக்கின்றன. கார்சன் கதவை முஷ்டியால் இடித்து, எந்தச் சித்திரவதையும் சம்மதம் என்று கத்தும்போது இடிக்க ஒரு பொருள் வேண்டும். கதவு திடீரென்று திறக்கும்போது விழப்போகிற உடல் வேண்டும். சுவரில்லாத வெறும் சட்டமும் சரிப்படாது. பக்கவாட்டில் சுற்றிப் போகலாமே என்ற எண்ணம் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். திறந்த கதவு வழியாக யாரும் வெளியேறாததுதான் நாடகத்தின் திருப்பம். அதை முன்கூட்டியே செலவழிக்கக் கூடாது.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால் இடித்துக்கொண்டிருக்கும் நடிகரின் முகத்தில் மோதும், விழவும் முடியாது. அகலம் 80 சென்டிமீட்டர், உயரம் 2 மீட்டர். சட்டம் 4 அங்குலம் 2 அங்குல மரம். பின்னால் இரண்டு சாய்வுத் தாங்கிகள், ஒவ்வொன்றிலும் 20 கிலோ எடை. முதல் இடியில் முழுச் சுவரும் ஆடினால் நரகம் சிரிப்புக்கிடமாகிவிடும். இடிக்கும் பகுதியில் உள்ளே ஒரு தடுப்புப் பலகை வைத்துத் திருகினால் ஒலி கனமாக வரும், கையும் தப்பும்.

திறப்பதற்கு இரண்டு வழிகள். பின்னால் ஒருவர் தாழை விடுவித்துக் கயிற்றால் இழுப்பது ஒன்று. 12 வோல்ட் மின்காந்தப் பூட்டும், கதவை வெளிப்பக்கம் இழுக்கும் சுருள்வில்லும் மற்றொன்று. இரண்டாவது துல்லியமானது. மின்சாரம் போனால் கதவு தானாகத் திறந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பாதுகாப்புக்கு அது நல்லது, நாடகத்துக்கு அல்ல. எனவே பூட்டுக்குத் தனி பேட்டரி இணைப்புக் கொடுங்கள். முதல் வழியானால் இழுப்பவருக்கு நடிகரைப் பார்க்கும் துளை இருக்க வேண்டும். காதால் மட்டும் கேட்டு இழுத்தால் ஒருநாள் இல்லையென்றாலும் ஒருநாள் முந்திவிடும்.

பின்பக்கம் குறைந்தது 1.2 மீட்டர் கறுப்புத் துணி கட்டிய வெற்றிடம். வேலை விளக்கு, தொலைபேசித் திரை, வெளியேறும் வழிப் பலகையின் பச்சை ஒளி எதுவும் அங்கிருந்து கசியக் கூடாது. கதவு சில நிமிடம் திறந்தே இருக்கும், இனெஸை எஸ்தெல் அதன் வழியே வெளியே தள்ளப் பார்ப்பாள். அங்கே தரையில் பாய் விரித்து வையுங்கள். முன்கூடத்தில் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரல் இந்த நிமிடங்களில்தான் உள்ளே வரும், அரங்க ஊழியரிடம் சொல்லி வையுங்கள்.

மணி எப்படி வேலை செய்ய வேண்டும்?

பணியாள் இருக்கும்போது கார்சன் அழுத்துகிறான், ஒலிக்கிறது. பணியாளே வியந்துபோய்த் தானும் அழுத்திப் பார்க்கிறான். அவன் போனபின் அழுத்தினால் மௌனம். பொத்தானை நேரடியாக மணியுடன் இணைக்காதீர்கள். பொத்தான் வெறும் பொம்மை. ஒலி எழுப்புவது மேடை மேலாளர். ஒலிபெருக்கியைவிடக் கதவுக்குப் பின்னால் கட்டிய நிஜ மின்மணி சிறந்தது, ஒலி வரும் திசை சரியாக இருக்கும்.

விளக்கு அணையவே கூடாது என்கிறது பிரதி. அப்படியானால் ஒளியமைப்பில் என்ன மிச்சம்?

நிறைய. முதலில், இருட்டில் தொடங்காதீர்கள். பார்வையாளர் உள்ளே வரும்போதே மேடை முழு ஒளியில் இருக்கட்டும். தொடக்கத்தில் அரங்க விளக்கு மட்டும் 30 நொடியில் மெதுவாகத் தணியட்டும். அதன்பின் முடிவு வரை மேடையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றமே வேண்டாம். இமை மூட முடியாத இவர்களுக்கு மாறாத ஒளிதான் தண்டனை.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் வேறு விஷயம். 60 சதவீதத்தில் தொடங்கி, 75 நிமிடங்களில் 85 சதவீதத்துக்கு மிக மெதுவாக உயரும் ஒரே க்யூவை (ஒளி மாற்றக் கட்டளையை) எழுதி வையுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். கடைசிக் கால்மணியில் கண்கள் களைத்திருக்கும். சில மலிவான எல்இடி விளக்குகள் இவ்வளவு மெதுவான ஏற்றத்தைப் படிப்படியாகத் துள்ளித்தான் செய்யும். முன்னரே சோதியுங்கள்.

ஆறு முதல் எட்டு விளக்குகள் போதும். எதிரெதிர் அமைப்பில் நேர்முகமாக அடிக்கும் விளக்கு எதிர்வரிசையின் கண்ணில் விழும். அதனால் 55 முதல் 60 பாகைச் சரிவில் மேலிருந்து இறக்குங்கள். கண்குழியில் நிழல் விழும் என்பார்கள். பார்வையே நாடகம் என்னும்போது அது பெரிய சிக்கல்தான். தரைக்கு வெளிர் சாம்பல் வண்ணம் பூசினால் ஒளி கீழிருந்து திரும்பி அந்த நிழலை நிரப்பும். கறுப்புத் தரை இந்த நாடகத்துக்கு ஆகாது.

ஹாலஜன் விளக்குகளில் 500 வாட் ஆறு எரிந்தால் 3,000 வாட், அதாவது 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர். சிறு அறை அரைமணி நேரத்தில் சூடாகும். பாத்திரங்களும் வெக்கை என்று புலம்புகிறார்கள், பொருத்தம்தான். ஆனால் 80 பேர் மூச்சுவிடும் அறையில் அந்தப் பொருத்தம் ஒருவரை மயங்க வைக்கக்கூடும். காட்சிக்கு முன் ஒரு மணி நேரம் அறையைக் குளிர்வித்து, சத்தம் குறைந்த காற்றுப்போக்கியை ஓட விடுங்கள்.

பூமியில் நடப்பதை அவர்கள் ‘பார்க்கும்’ இடங்களில் ஒளியை மாற்றலாமா?

மாற்றத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். எஸ்தெல் தன் இறுதிச் சடங்கைப் பார்க்கிறாள், கார்சன் பத்திரிகை அலுவலகத்தையும் மனைவியையும் பார்க்கிறான், இனெஸ் தன் அறையை வேறு யாருக்கோ வாடகைக்கு விடுவதைப் பார்க்கிறாள். நீல ஒளி வட்டம் போட்டு மற்ற இருவரையும் சிலையாக்குவது பழகிப்போன தீர்வு, மோசமான தீர்வும்கூட. அறையிலிருந்து தப்பிக்க முடிகிறது என்று ஒளி சொல்லிவிடுகிறது. பேசுபவர் அந்தரங்கமாக எதையோ பார்த்துக்கொண்டிருக்க, மற்ற இருவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதே அங்குள்ள கொடுமை.

மூவருக்கும் ஆளுக்கொரு ‘பூமித் திசை’ கொடுங்கள். பார்வையாளர் தலைக்கு மேலே ஒரு நிலையான புள்ளி. ஒவ்வொரு முறையும் அதே புள்ளி. ஆரம்பத்தில் பார்வை உடனே போய்ப் பொருந்தும், போகப்போகத் தேடும், கடைசியில் அங்கே ஒன்றும் இருக்காது. ஒலியில் மட்டும் ஓர் உதவி செய்யலாம். காற்றுப்போக்கியின் இரைச்சலை அந்த நேரங்களில் நிறுத்திவிடுங்கள், அமைதி திடீரென்று ஆழமாகும்.

வெண்கலச் சிலைக்கும் காகிதக் கத்திக்கும் என்ன செய்வது?

வெண்கலம் நகர்த்த முடியாத அளவு கனம் என்று பிரதி சொல்கிறது. காகிதக்கூழில் செய்து வெண்கல வண்ணம் பூசினாலும், பீடத்தோடு உள்ளிருந்து திருகிவிடுங்கள். யாராவது இடித்து அது அசைந்தால் கதை கெட்டது. பார்வையாளர் கண்ணில் படும்படி, ஆனால் நடிகர்கள் கடைசிவரை மறந்திருக்கும்படி வையுங்கள். முடிவில் கார்சன் அதைத் தொடும் நேரம் வரும்.

எஸ்தெல் இனெஸைக் குத்தும் காகிதக் கத்தி 18 முதல் 20 சென்டிமீட்டர், கடின மரத்தில் செய்து வெள்ளிப் பூச்சு. விளிம்பு 2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல், முனை உருண்டையாக. உள்ளே மடங்கும் பொம்மைக் கத்தி கூடவே கூடாது. அது சிக்கிக்கொள்ளும் நாளில் உண்மையாகவே குத்தும். ரப்பர் கத்தி 1.5 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் வளைவது தெரியும். குத்து உடலைத் தொடாமல், பார்வையாளருக்கு மறைவான பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளிப் போக வேண்டும். எதிரெதிர் அமைப்பில் ‘மறைவான பக்கம்’ கிடையாது. ஆகவே குத்தை மெதுவாக்குவதுதான் வழி: ஒவ்வொரு குத்தும் இரண்டு எண்ணிக்கை, கத்தியின் தட்டைப் பக்கம் விலாவில் படிந்து நிற்கும். மோடிமைக்கு இந்த இடம் இயல்பாகவே வாய்க்கிறது. ரத்தம் வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன் இந்தப் பகுதியை ஒருமுறை பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

தொடுகைக் காட்சிகளை எப்படிக் கையாள்வது?

சண்டைக் காட்சியைப் போலவே: எண்ணிக்கை, இடம், கை எங்கே, எவ்வளவு நேரம். நடிகர்கள் முன்கூட்டிச் சம்மதித்தது மட்டும். ‘அந்த நேரத்து உணர்ச்சிக்கு விட்டுவிடலாம்’ என்று சொல்லும் இயக்குநரை அனுமதிக்காதீர்கள். இனெஸின் ஆசையைக் கேலிச்சித்திரமாக்குவதும் வேண்டாம். அறையில் தன்னைப் பற்றிப் பொய் சொல்லாமல், தான் கொடூரமானவள் என்று ஒப்புக்கொள்பவள் அவள் ஒருத்திதான். அவளை வில்லியாக்கினால் மற்ற இருவரும் அப்பாவிகளாகிவிடுவார்கள், நாடகம் சரிந்துவிடும்.

பணியாள் சிறிய வேடம்தானே?

சில பக்கங்கள்தான். ஆனால் அறையின் விதிகளை நிறுவுபவன் அவன். அவன் இமைப்பதில்லை என்பதைக் கார்சன் கவனிக்கிறான். இமைப்பு ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் சிறு ஓய்வுகள் என்கிறான். (சராசரி மனிதர் நிமிடத்துக்கு 15, 20 முறைதான் இமைக்கிறார். கார்சன் கணக்கில் புலி அல்ல.) நடிகரைப் பத்து நிமிடம் இமைக்காமல் இருக்கச் சொல்வது கொடுமை, கண் எரிந்து நீர் வழியும். அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் மட்டும் 10, 15 நொடி தாக்குப்பிடித்தால் போதும். மற்ற நேரங்களில் தலையைத் திருப்பும்போது இமைக்கலாம், யாருக்கும் தெரியாது.

ஒத்திகைக்கு எவ்வளவு காலம்?

வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஆறு வாரம். முதல் வாரம் மேசையில். இரண்டாம் வாரம் பார்வை வரைபடத்தோடு, நடக்காமல், திண்டுகளில் உட்கார்ந்தபடியே முழு நாடகமும். இதைத் தாண்டிப்போகத் தோன்றும், தாண்டாதீர்கள். மூன்றாம் வாரத்துக்குள் அளவு சரியான திண்டுகளும், நான்காம் வாரத்துக்குள் திறக்கும் கதவும் ஒத்திகை அறைக்கு வந்துவிட வேண்டும். மூவரும் ஒத்திகையில் ஓயாமல் கத்துவதால் குரல் கட்டிக்கொள்வது வழக்கம். உரத்த பகுதிகளை அடுத்தடுத்த நாட்களில் வைக்காதீர்கள்.

இடைவேளை விடலாமா?

கூடாது. 75 முதல் 90 நிமிடம், ஒரே மூச்சு. வெளியே போனவரை மீண்டும் உள்ளே விடுவதில்லை என்று நுழைவுச்சீட்டிலும் வாசலிலும் எழுதுங்கள். ஆனால் வெளியேறும் வழியைப் பூட்டுவது, ‘அனுபவத்துக்காக’ என்றாலும், தீப்பாதுகாப்புக்கு எதிரானது.

“நரகம் என்பது மற்றவர்கள்தான்” என்ற வரியை எப்படிச் சொல்வது?

அரங்கில் பாதிப் பேர் அதற்காகவே காத்திருப்பார்கள். முன்னே வந்து அறிவிப்பதுபோல் சொல்லாதீர்கள். கார்சன் அதை அப்போதுதான் கண்டுபிடிக்கிறான், சற்று அபத்தமாகக்கூட இருக்கிறது அவனுக்கு: நெருப்பும் கந்தகமும் தேவைப்படவில்லையே என்று. மனித உறவுகளே நரகம் என்று தான் சொன்னதாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று சார்த்தர் பின்னாளில் விளக்கினார். உறவுகள் திரிந்துபோயிருந்தால், அப்போது மற்றவர் நரகமாகத்தான் இருக்க முடியும் என்பதே அவர் கருத்து. நடிகருக்கு இதைச் சொன்னால் குரலில் உள்ள தீர்ப்புத்தொனி இறங்கிவிடும்.

கடைசிச் சிரிப்பும் முடிவும்?

மூவரும் வெடித்துச் சிரிக்கிறார்கள், சிரிப்பு அடங்குகிறது, பார்த்துக்கொள்கிறார்கள், ‘சரி, தொடர்வோம்’ என்கிறான் கார்சன். சிரிப்பைப் பைத்தியச் சிரிப்பாக்கினால் பார்வையாளர் விலகிவிடுவார். முதலில் இனெஸ், அவளைப் பார்த்து எஸ்தெல், கடைசியில் கார்சன் என்று தொற்றட்டும். அடங்கும்போது வரிசை மாறட்டும். எஸ்தெல் முதலில் நிறுத்தினால் மற்ற இருவரின் சிரிப்பு அவள்மேல் விழும். பிறகு 5 முதல் 7 நொடி மௌனம். நடிகர்களுக்கு அது ஒரு யுகமாகத் தோன்றும், மேடை மேலாளர் எண்ணிக்கொள்ள வேண்டும்.

சட்டென்று இருட்டாக்கி முடித்தால் ஒன்றேகால் மணி நேரமாகக் காத்த விதியை நீங்களே உடைத்தவர்களாவீர்கள். மாறாக, கடைசி வரிக்குப் பிறகு அரங்க விளக்கை 20 நொடியில் மேடை ஒளிக்குச் சமமாக உயர்த்துங்கள். நடிகர்கள் அசைய வேண்டாம். கைதட்டுவதா வேண்டாமா என்ற குழப்பம் அரைநிமிடம் இருக்கும். ஊழியர் அரங்க வாசலைத் திறந்ததும் அது தீரும். வணக்கம் சொல்ல வருவதானால் நடிகர்கள் மேடைக் கதவு வழியே வெளியேறித் திரும்பி வரக் கூடாது, அரங்கத்தின் பக்கமாக எழுந்து வரட்டும்.

காட்சியைப் படமெடுத்து இணையத்தில் போடலாமா?

மேடை அனுமதியில் அது அடங்காது. தனியாகக் கேட்க வேண்டும். குழுவின் ஆவணத்துக்கான பதிவுக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். முன்னோட்டக் காணொளிக்குப் பெரும்பாலும் ஓரிரு நிமிடம் அனுமதிப்பார்கள், எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். எல்இடி விளக்கு கேமராவில் மினுக்கினால் ஷட்டர் வேகத்தை 1/50க்கோ 1/100க்கோ மாற்றிப் பாருங்கள். விளக்கின் டிம்மர் அதிர்வெண்ணை உயர்த்தும் வசதி இருந்தால் அதைச் சரிசெய்வது இன்னும் நல்லது.